லினன் சேட்டும் நாடாக் களுசானும்: வன்னிக் கிணத்துத் தண்ணிக்கு எப்பிடித் தைக்கிறது?

அளம்பில்கரை:
முல்லைத்தீவுக் கடற்கரையில ஒரு தங்குவிடுதிக்கு ஆம்பிளையளின்ர உடுப்பு பன்னிரண்டு சோடி தைக்க வேணும். இத்தாலி, கிரேக்கக் கரையில போடுற மாதிரி விரிஞ்ச கொலர் அரைக்கைச் சேட்டு, இடுப்பில நாடா கட்டுற தளர்ந்த களுசான். துணி, நூல், தெறி ஒண்டிலயும் பிளாஸ்ரிக் கூடாதாம். கடையில லினன் எண்டு தாறதை எப்பிடிச் சோதிக்கிறது? சோடிக்கு எத்தினை மீற்றர்?

மாங்குளம் தையல்:
ஓரத்தில நாலு நூல் உருவிக் கொளுத்துங்கோ. உருகிக் கறுத்த மணியாக் கட்டினால் பொலியெஸ்ரர், அதாவது பிளாஸ்ரிக் நூல், கலந்தது. சாம்பல் மெதுவா உதிர்ந்தாலும் உடன நம்பாதேங்கோ, மரக்கூழில செய்யிற விஸ்கோசும் அப்பிடித்தான் எரியும். நூலை நனைச்சு இழுங்கோ. விஸ்கோஸ் ஈரத்தில லேசா அறும், லினன் ஈரத்தில இன்னும் உறுதியாகும்.

58 அங்குல அகலமெண்டால் சோடிக்கு மூண்டரை மீற்றர். சுருங்கிறதும் அதுக்குள்ள அடக்கம். சேட்டுக்கு 150 தொடக்கம் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் துணி எத்தினை கிராம் எண்டது) போதும், களுசானுக்கு 200க்கு மேல எடுங்கோ. மெல்லிசெண்டால் இருக்கிற இடத்தில முதல் கிழியும்.

வெட்ட முதல் கட்டாயம் தோய்க்க வேணும். துணியில 40 சென்ரிமீற்றர் சதுரம் கீறித் தோய்ச்சுக் காய வச்சு அளவுங்கோ. 38 எண்டால் 5 வீதம் சுருங்கியிருக்கு. வெட்டின ஓரத்துக்கு சிக்சாக் அடிச்சு, இரவு முழுக்க ஊற வச்சு, முறுக்கிப் பிழியாமல் நிழலில காயவிட்டு, ஈரம் இருக்கேக்கையே மினுக்குங்கோ. இதை விட்டால் கொலரிலதான் பிழை தெரியும்: உள்ளுக்கு ஒட்டின கன்வஸ் சுருங்காது, மேல்துணி சுருங்கும், கொப்புளமா எழும்பும். விரிகொலருக்கு ஒட்டுக் கன்வஸே வேண்டாம். தோய்ச்ச பருத்தித் துணி ஒண்டை உள்ளுக்கு வச்சுத் தையுங்கோ.

லினன் நூல் எடுக்கிற ஆளிச் செடி பயிராகிறது பெரும்பாலும் பிரான்சின்ர வடகரை, பெல்ஜியம் பக்கம். மத்தியதரைக் கரையில இல்லை. கப்பலில வாறதை விட, கிட்ட நெய்த பருத்திக் கைத்தறி கிடைச்சால் அதைத்தான் சொல்லுவன்.

தெறிக்கடை:
லினன் நூல் விடும், ஓரத்தைச் சுத்தி அடிக்கிற ஓவர்லொக் மட்டும் காணாது. சேட்டின்ர பக்கத்துக்கு பிரெஞ்சுத் தையல்: நல்ல பக்கம் வெளியில வச்சு 6 மில்லிமீற்றரில அடிச்சு, 3க்கு வெட்டி, திருப்பி 9இல அடியுங்கோ. களுசானின்ர கவட்டு வளைவுக்கு அது தடிக்கும், அங்க இரட்டைத் தையல் போடுங்கோ. பிளாஸ்ரிக் கூடாதெண்டால் பருத்தி நூல்தான், அது பொலியெஸ்ரர் நூலளவு தாங்காது. ஊசி 80ஆம் நம்பர், தையல் நீளம் 2.5 மில்லிமீற்றர். நெருக்கி அடிச்சால் ஊசி நெசவை அறுக்கும்.

நாடா அதே துணியில, 140 சென்ரிமீற்றர். பின் நடுவில ஒரு குத்துத் தையல் போட்டால் உருவி வராது.

தெறிக்கு சிரட்டை அல்லது சிப்பி. கல்லில அடிச்சுத் தோய்க்கிற இடத்தில சிப்பி உடையும். சிரட்டைத் தெறி ஒண்டை ஒரு இரவு ஊறப் போட்டு, சாயம் விடுதோ எண்டு பார்த்திட்டு வாங்குங்கோ.

அளம்பில்கரை:
நன்றி. விடுதியில கிணத்துத் தண்ணிதான், கேத்தலில வெள்ளையாப் படியுது. துணிக்கு என்ன செய்யும்?

மாங்குளம் தையல்:
சவர்க்காரம் கல்சியத்தோட சேர்ந்து துணியில படியும், வெள்ளை சாம்பலாகும், துணி விறைக்கும். கட்டிச் சவர்க்காரத்தை விட்டிட்டு திரவச் சலவை பாவியுங்கோ. கடைசி அலசலுக்கு பத்து லீற்றர் வாளியில 100 மில்லிலீற்றர் வெள்ளை வினாகிரி.

தெறிக்கடை:
வினாகிரி எண்டால் சிப்பித் தெறி வேண்டாம். அது கல்சியம் காபனேற், அமிலத்தில பளபளப்புப் போயிடும். சிரட்டையே போடுங்கோ. இன்னொண்டு, சோழகக் காற்றில செம்மண் பறக்கும், வெள்ளைக் களுசானின்ர கால் ஓரத்தில இருந்து போகாது. மணல் நிறம் எடுங்கோ, கரண்டையில இருந்து மூண்டு சென்ரிமீற்றர் மேல நிப்பாட்டுங்கோ.