டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் (தனித்தனியாக இருக்கும் கணினிகள் செய்தி அனுப்பிச் சேர்ந்து வேலை செய்வது) உங்களுக்கு எங்கே பிடிபட்டது? பெங்களூருவில் படித்தவர்கள் சொல்லுங்கள்

மர்பி டவுன் மகள்:

எம்.டெக் இரண்டாம் செமஸ்டரில் மொபைல் கம்ப்யூட்டிங்கும் டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங்கும் சேர்ந்தே வந்து உட்கார்ந்தன. கணினி விஞ்ஞானி லாம்போர்ட்டின் கடிகாரம் நடத்திய அன்று எனக்கு ஒன்றும் ஏறவில்லை. போர்டில் மூன்று கோடு, குறுக்கே அம்புகள், அம்பு நுனியில் எண்கள். "கடிகாரம் என்கிறார், மணியையே காணோம்" என்று நோட்டு ஓரத்தில் எழுதி வைத்தேன். அது இன்னும் இருக்கிறது.

பிடிபட்டது வீட்டில். அம்மா இருபது பேரை வைத்து ஏலச்சீட்டு நடத்துகிறார். மர்பி டவுனில் அம்மாவிடம் ஒரு நோட்டு, ஸ்ரீராமபுரத்தில் பெரியம்மாவிடம் ஒரு நோட்டு. ஒரே தொகையை இரண்டு பேர் தள்ளிக் கேட்டால், முதலில் கேட்டவருக்குச் சீட்டு. அந்த மாதம் அப்படியே ஆனது. ஒருவர் அம்மாவுக்குப் போன் செய்தார், இன்னொருவர் பெரியம்மாவுக்கு. அம்மா நோட்டில் 7.10, பெரியம்மா நோட்டில் 7.05. பெரியம்மா பக்கம் ஜெயித்தது என்று எல்லோரும் சொல்ல, எனக்குத்தான் உறைத்தது: எங்கள் வீட்டுக் கடிகாரம் பத்து நிமிஷம் ஃபாஸ்ட். ஆபீஸுக்கு லேட்டாகக் கூடாது என்று அப்பா வேண்டுமென்றே தள்ளி வைத்தது. பெரியம்மா வீட்டுக் கடிகாரத்துக்கோ பேட்டரி போகிற காலம்.

1978 கட்டுரையில் லாம்போர்ட் சொன்னது அப்போதுதான் புரிந்தது. சுவர்க்கடிகாரத்தை விடு, யார் சொல்லிக் கேட்டு யார் எழுதினார் என்று பார். அம்மா எழுதிவிட்டுப் பெரியம்மாவுக்குப் போன் போட்டு, அதன் பிறகு பெரியம்மா எழுதியிருந்தால் முன்பின் உறுதி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரிசை எண். போனில் பேசும்போது அந்த எண்ணையும் சொல்ல வேண்டும். கேட்பவர் தன் எண், வந்த எண் இரண்டில் பெரியதை எடுத்து ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். இங்கே நடுவில் போனே இல்லை. ஆக முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எண்கள் சமமாக வந்துவிட்டால், யாருக்கு முதலிடம் என்று முன்பே ஒரு வரிசை வைத்துக்கொள்ளச் சொல்கிறார் லாம்போர்ட். அம்மா, "அப்போ குலுக்கிப் போடு" என்று முடித்துவிட்டார்.

உங்களுக்கு எங்கே நடந்தது? வேலையில் கற்றது வேண்டாம், படிக்கும்போது நடந்ததைச் சொல்லுங்கள்.

ரெக்கார்ட் நோட்:

பி.இ. ஏழாவது செமஸ்டர். லேபில் என்எஸ்-2 சிமுலேட்டர் (நெட்வொர்க்கைத் திரையில் போலியாக ஓட்டிக் காட்டுவது), ஏஓடிவி புரோட்டோகால் (வயர்லெஸ் கருவிகள் தங்களுக்குள் வழி தேடும் விதி). டிசிஎல் ஸ்கிரிப்ட் சீனியரிடமிருந்து வந்தது, அவருக்கு அவர் சீனியரிடமிருந்து. திரையில் வட்டங்கள் நகரும், பாக்கெட்டுகள் (தகவல் துண்டுகள்) கீழே விழும், நாங்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டுவோம். எதற்கு விழுகின்றன என்று யாரும் கேட்டதில்லை.

வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் கேட்டார். ஹிட்டன் டெர்மினல் என்றால் என்ன? மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "கொத்தாயித்து, பன்னி" (கன்னடத்தில் 'தெரிந்தது, வாங்க') என்று எழுந்து வராந்தாவுக்கு அழைத்துப் போனார். எல் வடிவ வராந்தா. அவர் மூலையில் நின்றார், என்னை இந்தக் கோடியில் நிறுத்தினார், என் பேட்ச்மேட்டை அந்தக் கோடியில். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அவருக்கு இருவரும் தெரிவோம். இருவரையும் ரோல் நம்பர் சொல்லச் சொன்னார். எனக்கு எதிர்ச் சத்தமே இல்லை, நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளும் அப்படியே. நடுவில் நின்றவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அடுத்து அவர் கையைத் தூக்கி "ஃபர்ஸ்ட் நீனு" என்றதும் அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆர்டிஎஸ் ('அனுப்பலாமா?' என்ற கேள்வி), சிடிஎஸ் ('அனுப்பு' என்ற அனுமதி) அவ்வளவுதான். மார்க் சுமார்தான் வந்தது, அது வேறு கதை.

பிறகு வீட்டு ரவுட்டரின் செட்டிங்கில் போய்ப் பார்த்தேன். ஆர்டிஎஸ் வரம்பு 2347 என்று இருந்தது. அதைவிடப் பெரிய ஃப்ரேமுக்குத்தான் (ஒரே தடவையில் அனுப்பும் தகவல் துண்டு) ஆர்டிஎஸ் போகும், அவ்வளவு பெரியது வழக்கமாக வராது. ஆக, நான் இரவெல்லாம் படித்த விஷயம் வீட்டில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது!

பையப்பனஹள்ளி பாசஞ்சர்:

எனக்கு மெட்ரோவில். பர்ப்பிள் லைனில் கப்பன் பார்க் முன்னால் ரயில் பூமிக்குள் இறங்கும்போது போன் கால் இழுத்துக்கொண்டு நிற்கும். ஹேண்டோவர் (ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பு கை மாறுவது) என்றால் இதுதான், மொபைல் ஐபியில் (இடம் மாறினாலும் பழைய ஐபி முகவரியிலேயே இருக்க வைக்கும் முறை) ஹோம் ஏஜென்ட், ஃபாரின் ஏஜென்ட் என்று படித்தது இதைத்தான் என்று அன்று புரிந்தது.

பழைய பெஞ்ச்:

தம்பி, இரண்டையும் ஒன்றாகக் கலக்கிவிட்டீர்கள். டவர் மாறும்போது 4ஜியில் உங்கள் ஐபி முகவரி மாறுவதில்லை. உள்ளே ஒரு கேட்வே அதைப் பிடித்து வைத்திருக்கும், கீழே ரேடியோ மட்டும் கை மாறும். முகவரி மாறுவது ஹாஸ்டல் வைஃபையை விட்டு கேட்டைத் தாண்டி மொபைல் டேட்டாவுக்குப் போகும்போது. டவுன்லோட் நடக்கும் டிசிபி இணைப்புக்கு இரு முனையின் முகவரியும் போர்ட்டும்தான் அடையாளம் என்பதால் டவுன்லோட் அங்கேயே அறுந்துவிடும். மொபைல் ஐபி தீர்க்க வந்த பிரச்சினை அது. 2021இல் இணையத் தரநிலையாக வெளியான க்விக் (டிசிபிக்கு மாற்றான இணைப்பு முறை), இணைப்புக்கே தனியாக ஓர் எண் கொடுத்து வேறு வழியில் தீர்த்தது. டனலில் கால் நிற்பதைக் காட்டி எழுதினால் மார்க் போய்விடும்.

பையப்பனஹள்ளி பாசஞ்சர்:

போயாச்சு சார், 2019லேயே.

பிடிஎம் பிஜி:

என் கதை கொஞ்சம் நீளம். எங்கள் சார் அமெரிக்காவின் எம்ஐடி பாடத்தின் லேபையே அசைன்மென்ட்டாகக் கொடுத்தார். கோ மொழியில் ராஃப்ட் (பல சர்வர்களை ஒரே முடிவுக்கு வர வைக்கும் அல்காரிதம்) எழுத வேண்டும். ராஃப்ட் 2014இல் ஸ்டான்ஃபோர்டில் ஆங்காரோவும் ஊஸ்டர்ஹவுட்டும் வெளியிட்டது. அதே வேலைக்கான பழைய அல்காரிதம் பாக்ஸோஸ் தலை சுற்ற வைக்கிறது, படித்தால் புரிகிற ஒன்று வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கமே. கட்டுரை புரிந்தது. எழுதத்தான் மூன்று வாரம் ஆனது.

ஐந்து சர்வர். ஒருவர் லீடர், அவர் ஹார்ட்பீட் ('உயிரோடு இருக்கிறேன்' என்ற செய்தி) அனுப்பிக்கொண்டே இருப்பார். சத்தம் நின்றால் மற்றவர்களில் ஒருவர் டெர்ம் எண்ணை (எத்தனையாவது தேர்தல் என்ற எண்) ஒன்று கூட்டி ஓட்டுக் கேட்பார். மூன்று ஓட்டு விழுந்தால் அவர் லீடர். டைம்அவுட் (ஹார்ட்பீட்டுக்குக் காத்திருக்கும் நேரம்) 150 முதல் 300 மில்லிசெகண்ட் என்று கட்டுரையில் இருந்ததை அப்படியே போட்டேன். லேபின் டெஸ்டரோ ஹார்ட்பீட்டை அவ்வளவு அடிக்கடி அனுப்ப விடாது. ஆகவே லீடர் உயிரோடு இருக்கும்போதே எல்லோரும் தேர்தல் வைத்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்கவே நான்கு நாள். லேப் குறிப்பிலேயே நேரத்தைக் கூட்டு என்று எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

அதன் பிறகு வந்ததுதான் பேய். பத்து முறை ஓட்டினால் பாஸ். நூறு முறை ஓட்டினால் எங்கோ ஒரு முறை, ஒரே டெர்மில் இரண்டு லீடர் என்று விழும். எங்கே என்று பார்க்க பிரிண்ட் போட்டால் வராது, எடுத்தால் வரும். பிரிண்ட் எடுத்துக்கொள்ளும் நேரமே வரிசையை மாற்றிவிடுகிறது. பிஜியில் நான்கு பேர் ரூம். லேப்டாப் ஃபேன் சத்தத்தில் தூக்கம் வராமல் திருநெல்வேலி அண்ணன், "ஏலே, எலெக்‌ஷன் முடிஞ்சுதா இல்லியா?" என்று தினமும் கேட்பார்.

கடைசியில் பேப்பரில் ஐந்து கோடு போட்டு, லாகை வரிவரியாக எழுதிப் பார்த்தேன். மூன்றாவது சர்வர் டெர்ம் 4இல் ஓட்டுக் கேட்டிருக்கிறது. பதில் வர லேட். அது பொறுமையிழந்து டெர்ம் 5க்குப் போய் மறுபடி கேட்கிறது. அப்போது டெர்ம் 4இன் பழைய ஓட்டு ஆடி அசைந்து வந்து சேர, என் கோட் அதையும் டெர்ம் 5 கணக்கில் சேர்த்துக்கொண்டது. பதில் வந்ததும், "நான் இன்னும் அதே டெர்மில்தான் இருக்கிறேனா?" என்று கேட்கும் ஒரு வரியைச் சேர்த்தேன். ஐந்நூறு முறை ஓட்டினேன், விழவில்லை. அண்ணனை எழுப்பிச் சொன்னேன். திட்டினார்.

சிவாஜிநகர் டீ:

நான் சுருக்கமாக. டீக்கு ஸ்கேன் செய்தேன், பணம் போய்விட்டது என்றது என் போன். கடை ஸ்பீக்கர் வாயைத் திறக்கவில்லை. "வரலை தம்பி" என்றார் அண்ணாச்சி. மறுபடி போட்டேன், இரண்டும் வந்தது. பாடத்தில் வந்த டூ ஜெனரல்ஸ் சிக்கல் இதுதான். செய்தி போகவில்லையா, போய் அதற்கான பதில் வரவில்லையா என்று அனுப்பியவனால் பிரித்தறியவே முடியாது. நான் புதிதாக அனுப்பியதால் புதிய பரிவர்த்தனை எண். பழைய எண்ணிலேயே திரும்பக் கேட்டிருந்தால் சர்வர் ஒரு தடவைதான் எடுத்திருக்கும். மிச்சத்துக்கு அண்ணாச்சி பன் கொடுத்தார்.

பழைய பெஞ்ச்:

ஒரு புலம்பல். நான் 2004இல் படித்தபோது பாதி யூனிட் வாப் (பழைய போன்களில் இணையம் பார்க்கும் முறை). அக்கா மகள் 2015இல் படித்தபோதும் அதே வாப், அதே படம். ஆனால் ஸ்னாப்ஷாட் அல்காரிதத்துக்கு (வேலையை நிறுத்தாமல் எல்லாக் கணினிகளின் நிலையையும் ஒரே கணக்காக எடுப்பது) ஒரே ஒரு வகுப்பு. அது 1985இல் வந்தது. எழுதியவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் 1965இல் பி.டெக் முடித்த மணி சாண்டி. அவர் டெக்சஸில் இருந்தபோது லாம்போர்ட் பார்க்கப் போயிருக்கிறார். இரவுச் சாப்பாட்டில் சாண்டி இந்தச் சிக்கலைச் சொன்னார், ஒயின் மிதப்பில் இருவராலும் யோசிக்க முடியவில்லை. காலையில் குளிக்கும்போது லாம்போர்ட்டுக்கு விடை வந்தது, போய்ப் பார்த்தால் சாண்டி அதே விடையோடு உட்கார்ந்திருந்தார் என்று லாம்போர்ட்டே எழுதியிருக்கிறார்.

மர்பி டவுன் மகளே, உங்கள் அம்மா சீட்டை நிறுத்தாமல் இரண்டு நோட்டையும் எப்படி டேலி செய்வார்? முயன்று பாருங்கள்.

மர்பி டவுன் மகள்:

ஞாயிற்றுக்கிழமை முயன்றேன் சார். இரண்டு நோட்டையும் கூட்டினால் எப்போதும் சில ஆயிரம் உதைக்கும். காரணம், பெரியம்மா பையன் பஸ்ஸில் கொண்டுவருகிற பணம் எந்த நோட்டிலும் இருக்காது. அல்காரிதம் சொன்னபடி அம்மா தன் கையிருப்பை எழுதி, "கணக்கு எடுத்தாச்சு" என்ற துண்டுச் சீட்டை அந்த அண்ணனிடமே கொடுத்தனுப்பினார். பணம் வருகிற வழியிலேயே சீட்டும் வந்தால்தான் வரிசை குலையாது. பெரியம்மா அது கைக்கு வந்ததும் தன் கையிருப்பை எழுதி, பதில் சீட்டு அனுப்ப வேண்டும். அம்மா எழுதியதற்கும் அந்தப் பதில் சீட்டு வருவதற்கும் நடுவில் வந்து சேரும் பணம் எல்லாம் "வழியில்" என்று மூன்றாவது பத்தி. மூன்றையும் கூட்டினால் சரியாக வர வேண்டும்.

அந்தப் பத்தியை அண்ணன் பார்த்துவிட்டார். "வழியில்னா என்ன அர்த்தம், என்னை நம்பலையா?" என்று கோபித்துக்கொண்டு இந்த வாரம் இந்தப் பக்கமே வரவில்லை. பதில் சீட்டு இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது.