திரும்பி வந்த ஆங்கிலக் கட்டுரை: உங்களுக்கு நடந்தது என்ன?

குன்னூரிலிருந்து:

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரங்கள் நம் மலையின் புல்வெளிகளை எப்படி மூடின என்பதைப் பற்றி முதுகலை இரண்டாம் ஆண்டில் ஆறு பக்க ஆங்கிலக் கட்டுரை எழுதினேன். 'தி' வர வேண்டிய இடம், 'ஏ' வர வேண்டிய இடம் என்று இரண்டு இரவுகள் உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுத்தேன். மேடம் அவற்றில் ஒன்றையும் தொடவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, தாள்களைப் பத்தி பத்தியாக நறுக்கி மேசையில் பரப்பினார். கடைசி வாக்கியத்தை மட்டும் விரல் அகலத் துண்டாக வெட்டி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். மரத்தை வெட்டினால் மட்டும் போதாது, மண்ணில் கிடக்கும் விதைகள் மறுபடி முளைக்கும் என்பதுதான் அந்த வாக்கியம். "இதைச் சொல்லத்தானே எழுதினாய்? ஏன் கடைசிவரை ஒளித்து வைத்தாய்?" என்று கேட்டார். நான் ஒளித்து வைக்கவில்லை. காரணங்களை அடுக்கிக்கொண்டே போய் இறுதியில் வினையைச் சொல்லும் நம் வாக்கியத்தைப் போலவே முழுக் கட்டுரையையும் கட்டியிருந்தேன் என்பது, வீடு திரும்பும் பேருந்தில்தான் எனக்கு விளங்கியது. அந்தத் துண்டு இன்னும் என் அகராதிக்குள் இருக்கிறது.

கொடைக்கானலிலிருந்து:

மேலே எழுதியவர் 'தி', 'ஏ' எல்லாம் பெரிதல்ல என்பதுபோல் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் மலைப்பூண்டு விவசாயிகளைச் சந்தித்து (2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டுதான்) நான் எழுதிய கட்டுரையில், சில விவசாயிகள் விதைப்பூண்டைத் தாங்களே எடுத்துவைக்கிறார்கள் என்ற பொருளில் 'ஃபியூ ஃபார்மர்ஸ்' என்று எழுதிவிட்டேன். முன்னால் ஓர் 'ஏ' இல்லாததால், அப்படிச் செய்பவர்கள் அநேகமாக இல்லை என்று அதற்குப் பொருளாகிவிட்டது. வகுப்பில் அதை வாசித்து முடித்ததும் இளைய மாணவி ஒருத்தி எழுந்து, "எங்கள் தாத்தா பரண் நிறைய விதைப்பூண்டு வைத்திருக்கிறாரே, அவரை ஏன் விட்டுவிட்டீர்கள் அண்ணா?" என்று கேட்டாள். அந்தத் தாத்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டுதான் நான் குறிப்பெடுத்திருந்தேன்.

கோத்தகிரியிலிருந்து:

மலை ரயிலைப் பற்றிய கட்டுரையில் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 'ஹேஸ் ஓபன்ட் இன் 1899' என்று எழுதி மதிப்பெண் இழந்தவன் நான். 'திறந்திருக்கிறார்கள்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தேன். ஆண்டைக் குறிப்பிட்டுவிட்டால் அங்கே சாதாரண இறந்தகாலம்தான் வர வேண்டும். கொடைக்கானல் நண்பருக்கு ஒன்று சொல்கிறேன்: உங்கள் பிழை இலக்கணம் பார்த்துப் பிடிபடக்கூடியது அல்ல, ஏனெனில் 'ஃபியூ ஃபார்மர்ஸ்' இலக்கணப்படி சரியானதே. வாக்கியத்தை உரக்கப் படித்து, அது சொல்வதைத் தமிழில் திருப்பிச் சொல்லிப் பார்த்தால்தான் அகப்படும். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது சொல்வதைத் தமிழில் ஒரே வரியில் எழுதுங்கள். வரி வராத பத்தியை எடுத்துவிடுங்கள். 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' வந்திருக்கிறதா என்று தேடுங்கள். 'இருந்தாலும்', 'ஆனால்' இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் நம்மை விடாது. ஒரு வாசிப்பில் ஒரு வகைப் பிழையை மட்டும் பாருங்கள். கட்டுரையை முடித்த அன்றே திருத்தாதீர்கள், ஒரு நாளாவது ஆறட்டும்.

குன்னூரிலிருந்து மீண்டும்:

பெரிதல்ல என்று நான் சொல்லவில்லை. கடைசி வாக்கியம் முதலுக்கு வந்தபோது என் 'தி'கள் பலவும் தவறாகிப் போயின. ஐந்து பக்கம் படித்தவருக்கு 'தி சீட்ஸ்' என்றால் எந்த விதைகள் என்று தெரியும். அப்போதுதான் தாளைத் திறந்தவருக்குத் தெரியாது. அடுக்கு மாறியதும் எது புதிது, எது முன்பே சொன்னது என்பதும் மாறிவிட்டது. அந்த இரண்டு இரவுகளின் வேலையை மறுபடி முதலிலிருந்து செய்து எடுத்துச்சென்ற பிறகுதான், மேடம் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.