முதல் ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை

கோபி விவசாயி:
மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்த நாள். அப்பாவுக்கு விடியற்காலையிலிருந்தே மேல்வயிற்றில் எரிச்சல். சோடா குடித்தார், ஓமத் தண்ணீர் குடித்தார், அடங்கவில்லை. பக்கத்து ஊர் மருத்துவமனையில் ஈசிஜி, அதாவது இதயத் துடிப்பைத் தாளில் கோடுகளாகப் பதியும் பரிசோதனை, எடுத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை, வாயுவாக இருக்கலாம் என்றார் மருத்துவர். வண்டியில் ஏறும்போது அப்பா, "இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாமா கண்ணு?" என்று கேட்டார். "அதுதான் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களே அப்பா" என்றேன்.

இரண்டு மணி நேரத்தில் கொப்பரைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஈரோட்டில் எடுத்த இரண்டாவது ஈசிஜியில் இதயத்தின் கீழ்ப்பகுதியில் மாரடைப்பு என்று தெரிந்தது. அடைத்த இரத்தக்குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைத்துக் காப்பாற்றினார்கள். சட்டையைக் கழற்றியபோது முதல் ஈசிஜி தாள் பையில் வியர்வையில் ஊறி ஒட்டிக்கிடந்தது. இப்போது வரப்பில் கொஞ்சம் நடந்தாலே நின்றுவிடுகிறார். அவர் நிற்கும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் என் காதில் விழுகிறது.

திருப்பூர் தையல்காரி:
எங்கள் அத்தைக்கு நெஞ்சு வலிக்கவே இல்லை. தாடையும் முதுகும் வலித்தன, மூச்சு வாங்கியது. ஈசிஜி அறையில் இருந்தவர் ஆண் ஊழியர், திரைச்சீலை பாதிக்கு மேல் மூடாது. அத்தை ரவிக்கைக் கொக்கியை இறுகப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் சாமி, வீட்டுக்குப் போய்விடலாம்" என்று என்னிடம் கெஞ்சினார். அந்தக் கை நடுங்கியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நான் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்து மறைத்துக்கொண்டேன். செவிலியர் ஒருவர் வந்த பிறகுதான் படுத்தார். மார்பில் ஆறு இடங்களில் ஒட்ட வேண்டுமாம். கூச்சத்தினால் இடம் தள்ளி ஒட்டினால் கோடுகளே மாறி வரும் என்று அந்தச் செவிலியர் சொன்னார். துணி நெய்கிற ஊரில் ஒரு முழுத் திரை போடக் கூடாதா? எத்தனை பெண்கள் அந்த வாசலோடு திரும்பிப் போயிருப்பார்கள்!

பல்லடம் தறிக்காரர்:
கோபித் தம்பிக்கு. மருத்துவர்மேல் பழி போடுவதுபோல எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை. வழக்கமான ஈசிஜியில் பதிவாவது சுமார் பத்து வினாடித் துடிப்புதான். மாரடைப்பின் தொடக்கத்தில் கோடுகள் ஒழுங்காகவே இருக்கலாம். அதனால்தான் வலி நிற்காதவர்களுக்கு 15 முதல் 30 நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள், இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் டிரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். எனக்கும் போன வருடம் தறிக்கூடத்தில் படபடப்பு வந்து ஈசிஜி எடுத்தேன், ஒன்றுமில்லை.

எல்லோருக்கும் சொல்கிறேன், பழைய ஈசிஜியை எறிந்துவிடாதீர்கள். புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். அந்தத் தாளில் நாளாக ஆகக் கோடு மங்கிவிடும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். நெஞ்சுவலியோடு யாரும் பைக் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், 108-ஐ அழையுங்கள். 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். வாயு என்று நீங்களாகவே முடிவு கட்டிக்கொண்டு சோடாவில் நேரத்தைக் கழிக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் வரும், அவர்கள் வெறும் வியர்வையையும் மூச்சிரைப்பையும்கூட அலட்சியம் செய்யக் கூடாது.

கோபி விவசாயி:
பல்லடம் அண்ணா, அவர்மேல் பழி இல்லை. "வலி நிற்காவிட்டால் அரை மணி நேரத்தில் திரும்பக் கூட்டிவாருங்கள்" என்று அவர் சொன்னார். அடுப்பில் மஞ்சள் கிடக்கிறதே என்ற நினைப்பில் நான் படியிறங்கிக்கொண்டிருந்தேன். அப்பா அதைக் கேட்டிருக்கிறார். அதனால்தான் என்னிடம் அப்படிக் கேட்டார்.