குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு: மலைக்கு எந்த சிம்? (அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

ஏலத்தோட்டம்

கம்பத்திலிருந்து விடிகாலை ஜீப்பில் மெட்டேறி வேலைக்குப் போகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "மலைக்கு எந்த சிம் எடுக்கும்?" தமிழ்நாடு-கேரள எல்லையில் கம்பெனி பெயரைவிட வட்டம் (மொபைல் சேவைக்காக நாட்டைப் பிரித்திருக்கும் பகுதி) தான் முக்கியம். நாட்டில் மொத்தம் 22 வட்டங்கள். தமிழ்நாடு ஒன்று, கேரளா இன்னொன்று. விளம்பரத்தில் ஏர்டெல் ஒன்றுதான், போனுக்கு அது இரண்டு. போன் நெட்வொர்க்கை அடையாளம் காணும் எண் ஒன்று உண்டு: தமிழ்நாட்டு ஏர்டெல்லின் எண் 404 94, கேரள ஏர்டெல்லுடையது 404 95. பி.எஸ்.என்.எல்.லில் தமிழ்நாடு 404 80, கேரளா 404 72.

தமிழ்நாட்டு சிம்முக்குத் தமிழ்நாட்டு டவர்தான் வீடு. கம்பம்மெட்டு விளிம்பில் கீழே பள்ளத்தாக்கிலிருந்து அந்த சிக்னல் நூல் மாதிரி மேலே வரும். பக்கத்திலேயே கேரள டவர் முழுக் கோட்டோடு நிற்கும். ஆனாலும் நூல் அறுகிற வரைக்கும் போன் வீட்டை விடாது. ஒரு கோடு காட்டும், பேச்சு வெட்டி வெட்டி வரும், யூ.பி.ஐ. சுற்றிக்கொண்டே இருக்கும். "டவர் இருக்கு, ஆனா வேலை செய்யல" என்று சொல்வதில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

ரீசார்ஜ் கடை

அண்ணே, இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. போன் ஒருவழியாகக் கேரள டவருக்கு மாறிய பிறகும் அடங்காது. "வீடு கிடைக்குமா" என்று அவ்வப்போது தேடும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்பது சிம்முக்குள்ளேயே 6 நிமிட மடங்கில் எழுதியிருக்கும், எழுதாவிட்டால் 60 நிமிடம். பேசிக்கொண்டிருக்கும்போது தேடாது. சும்மா கிடக்கும்போது தேடி, நூல் சிக்னல் கிடைத்ததும் திரும்பத் தாவிவிடும். மெட்டில் பேட்டரி சீக்கிரம் இறங்குவதற்கு இந்தத் தாவலும் ஒரு காரணம்.

செய்ய வேண்டியது: செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க், அதில் நெட்வொர்க் ஆப்பரேட்டர், அங்கே "தானியங்கி"யை அணையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் தேடிப் பட்டியல் தரும். ஒரே கம்பெனி பெயர் இரண்டு முறை வந்தால் ஒன்று தமிழ்நாடு, மற்றது கேரளா. சில போன் பெயருக்குப் பதில் மேலே சொன்ன எண்ணைக் காட்டும், அப்போது குழப்பமே இல்லை. கேரளாவைத் தேர்ந்தெடுத்துவிட்டு டேட்டா ரோமிங்கையும் போடுங்கள். இதை விட்டால் பேச்சு வரும், நெட் வராது.

சாயங்காலம் கீழே இறங்கியதும் மறக்காமல் தானியங்கிக்கு மாற்றணும். மாற்றாவிட்டால் கம்பம் பஸ் ஸ்டாண்டு நடுவில் நின்றாலும் "சேவை இல்லை"தான். கடைக்கு "சிம் செத்துப்போச்சு" என்று வருகிற போன்களில் பலதும் இதுதான். புது சிம் போடவே வேண்டியதில்லை.

ரோமிங் என்றாலே காசு போகும் என்ற பயம் இன்னும் பெரியவர்களுக்கு உண்டு. 2015 மே 1 முதல் ரோமிங்கில் வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 45 காசு வரை வாங்கலாம் என்று ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) உச்சவரம்பு வைத்த காலத்துப் பயம் அது. 2016 செப்டம்பர் 5-இல் ஜியோ வந்தது, 2017-இல் மற்றவர்களும் நாட்டுக்குள் ரோமிங் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். இந்தியாவுக்குள் டேட்டா ரோமிங்கைத் தாராளமாகப் போட்டு வைக்கலாம்.

டவர் வேலை

கோடு எண்ணுவதை விடுங்கள். ஆண்ட்ராய்டில் *#*#4636#*#* அடித்தால் சிக்னல் பலம் டெசிபல் கணக்கில் வரும் (சில மாடலில் வராது). மைனஸ் 95-க்குள் இருந்தால் நிம்மதி. மைனஸ் 110 என்றால் நெட் இழுக்கும். 118 தாண்டினால் பேச்சு அறும்.

அடுத்து பேண்டு, அதாவது டவர் பேசும் அலைவரிசை (மெகாஹெர்ட்ஸ் கணக்கில்). ஜியோவின் 850, ஏர்டெல்லின் 900, பி.எஸ்.என்.எல். 4ஜியின் 700 எல்லாம் சரிவைச் சுற்றியும் மரத்துக்குள்ளும் ஓரளவு நுழையும். 2300 நுழையாது. டவரிலிருந்து ஒரே தூரத்தில் நின்றாலே 850-ஐவிட 2300 எட்டு, ஒன்பது டெசிபல் பலவீனம், இலையும் ஈரமும் இருந்தால் இன்னும் மோசம். கேரளத்தின் வண்டன்மேடு பக்கம் ஏலச்செடிக்கு மேல் நிழல்மரம் அடர்ந்த தோட்டத்தில் ரோட்டு மேல் ஓடும் நெட் பத்தடி உள்ளே போனதும் நிற்பதற்கு இதுதான் விளக்கம். பி.எஸ்.என்.எல். 4ஜி வாங்கும் முன் போன் பேண்டு 28-ஐ (மேலே சொன்ன 700) எடுக்குமா என்று பாருங்கள். பழைய மலிவு போன்களில் பல எடுக்காது. அப்புறம் டவரைத் திட்டிப் பயனில்லை.

போடிமெட்டு

பேசாமல் நம்பரையே கேரளாவுக்கு மாற்றிவிட்டால் என்ன? வருஷத்தில் எட்டு மாதம் நெடுங்கண்டம் பக்கம்தான் என்றால்?

ரீசார்ஜ் கடை

மாற்றலாம் தம்பி. 2015 ஜூலை 3 முதல் அதே நம்பரை வட்டம் விட்டு வட்டம் கொண்டுபோக முடியும், இதைத்தான் போர்ட் என்கிறோம். கம்பெனி அதேதான், வட்டம் மட்டும் வேறு என்றாலும் அது போர்ட்தான். ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, இடம் விட்டு நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். எட்டு எழுத்துக் குறியீடு வரும், அதன் ஆயுள் 4 நாள். அதை எடுத்துக்கொண்டு கேரளப் பக்கக் கடைக்குப் போகணும், கம்பத்துக் கடையில் ஆகாது. ஆதார் தமிழ்நாட்டு முகவரி என்றால் உள்ளூர் ஆள் ஒருவரின் நம்பர் கேட்பார்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்துக்குள் 3 வேலை நாள், வட்டம் தாண்டினால் 5.

குறியீடு வராமல் போவதற்குக் காரணங்கள்: இப்போதைய கம்பெனியில் 90 நாள் ஆகவில்லை, போஸ்ட்பெய்டு பாக்கி இருக்கிறது, அல்லது சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கி 7 நாள் ஆகவில்லை. கடைசியாகச் சொன்னது 2024 ஜூலை 1 முதல் வந்த விதி. மனம் மாறினால் விண்ணப்பித்த 24 மணி நேரத்துக்குள் 1900-க்கே ரத்து அனுப்பலாம். மிச்ச பேலன்ஸ், வேலிடிட்டி எதுவும் கூட வராது. ஆகவே ரீசார்ஜ் தீரும் வாரத்தில் போர்ட் பண்ணுங்கள்.

மாற்று சிம் எடுத்தால் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். முடக்கம், வங்கி ஓ.டி.பி. வராது. ஏலக்காய் எடுப்பு நேரத்தில் சம்பளம் வரும் நாளன்று இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்குப்பிள்ளை

"எங்களிடம்தான் அதிக சந்தாதாரர்" என்று ஒவ்வொரு கம்பெனியும் சொல்வதைப் பற்றி ஒன்று. கம்பத்தில் எடுத்த சிம் வருஷம் முழுக்க வண்டன்மேட்டிலேயே ஓடினாலும் தமிழ்நாட்டுக் கணக்கில்தான் ஏறும். ஆகவே மாதாமாதம் ட்ராய் வெளியிடும் வட்டவாரிப் பட்டியலை வைத்து மெட்டில் யார் பலம் என்று முடிவு செய்ய முடியாது. அந்த அறிக்கையில் மொத்த இணைப்பை விட்டுவிட்டு வி.எல்.ஆர். (இப்போது நெட்வொர்க்கில் இருக்கும் சிம்களின் பதிவேடு) வரிசையைப் பாருங்கள், உண்மையில் உயிரோடு இருக்கும் சிம் அதுதான். 72 மணி நேரம் நெட்வொர்க்கில் தலைகாட்டாத சிம்மை அதில் வைத்திருக்கக் கூடாது என்பது கணக்கு விதி. அலமாரியில் கிடக்கும் இரண்டாவது சிம் முதல் எண்ணிக்கையில் இருக்கும், இரண்டாவதில் இருக்காது.

விலை ஏறும்போது எண்ணிக்கை எப்படி ஆடுகிறது என்பதற்கு 2024 ஜூலையைப் பாருங்கள். தனியார் மூன்று பேரும் கட்டணத்தை ஏற்றினார்கள். அந்த மாதம் மூவருக்கும் ஆள் குறைந்தது, பி.எஸ்.என்.எல்.லுக்கு 29 லட்சத்துக்கு மேல் கூடியது. இங்கே பலர் அதை இரண்டாவது சிம்மாகத்தான் போட்டார்கள் என்பது என் கணிப்பு.

ஏலத்தோட்டம்

வசதிப் போட்டியில் மெட்டுக்கு எது உதவும், எது வெறும் பேச்சு என்று பார்த்தால்: அளவில்லா 5ஜி தலைக்கு மேல் 5ஜி டவர் இருந்தால்தான். 2024 ஜூலை ஏற்றத்துக்குப் பிறகு அது நாளுக்கு 2 ஜி.பி. திட்டத்திலிருந்துதான் தொடங்கியது. ஜியோவில் 28 நாளுக்கு 299-க்கும் 349-க்கும் இருந்த வித்தியாசம் 50 ரூபாய். 4ஜி மட்டும் வரும் தோட்டத்தில் அந்த 50 வீண். 28 நாள் திட்டம் என்றால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ் என்பதும் நினைவிருக்கட்டும்.

உண்மையில் உதவுவது வைஃபை காலிங். லயத்திலோ (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) எஸ்டேட் ஆபீஸிலோ ஃபைபர் இருந்தால் சிக்னலே இல்லாமல் பேசலாம், தமிழ்நாட்டு நம்பரிலேயே. சில போன்களில் ஒரு சிம்முக்கு டவர் இல்லாதபோது மற்ற சிம்மின் டேட்டா வழியாகவும் அழைப்பு வரும். ஆகவே வங்கிக்குத் தமிழ்நாட்டு நம்பர், டேட்டாவுக்குக் கேரள சிம், இரண்டிலும் வைஃபை காலிங் போட்டு வைப்பது நல்ல அமைப்பு.

போடிமெட்டு

அம்மாவிடம் பட்டன் போன்தான். நெட் வேண்டாம், பேச மட்டும்.

ரீசார்ஜ் கடை

பழைய 2ஜி செட் என்றால் ஜியோ எடுக்காது, அவர்களிடம் 2ஜியே கிடையாது. மற்ற மூன்றில் (ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல்.) தோட்டத்தில் எது எடுக்கிறதோ அது. ட்ராய் 2024 டிசம்பரில் விதி போட்ட பிறகு பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டுமான நீண்ட நாள் திட்டம் தனியாரிடமும் வந்திருக்கிறது. கடையில் தானாகக் காட்ட மாட்டார்கள், "டேட்டா இல்லாதது" என்று கேட்டு வாங்குங்கள். ஆப்பில் நீங்களே போடுவதாக இருந்தால் வட்டம் "தமிழ்நாடு" என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அமுக்குங்கள். போர்ட் பண்ணிய நம்பருக்குச் சில ஆப்பு பழைய கம்பெனியையே காட்டும்.