கட்டியை முழுவதும் எடுத்த பிறகும் கதிர்வீச்சு எதற்கு?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். 58 வயதாகும் என் அம்மாவுக்கு இடது மார்பில் இருந்த ஒன்றரை சென்டிமீட்டர் கட்டியை மட்டும் அகற்றி, மார்பகத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். வெட்டியெடுத்த திசுவின் ஓரங்களில் புற்றணு இல்லை, அக்குள் நெறிக்கட்டிகளிலும் பரவவில்லை, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ் (அதாவது, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டலால் வளரக்கூடிய வகை) என்கிறது பயாப்சி அறிக்கை. இருந்தும் மூன்று வாரம் கதிர்வீச்சு எடுத்தே ஆகவேண்டும் என்கிறார் மருத்துவர். இதே போன்ற கட்டிக்கு 74 வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியம்மாவுக்கோ மாத்திரையே போதும் என்றார்கள். இதயத்தின் பக்கம் கதிர் பாயுமே என்ற அச்சத்தில் அம்மா சரியாக உறங்குவதில்லை. எடுத்துக்கொண்டவர்களுக்கு உண்மையில் என்ன பலன் கிடைத்தது என்று விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
நான் கதிர்வீச்சுப் பிரிவு மருத்துவர். அம்மாவின் அறிக்கைகளைப் பார்க்காமல் எழுதுவதால், இதைப் பொது விளக்கமாக மட்டும் கொள்ளுங்கள். ஓரங்களில் புற்றணு இல்லை என்றால், வெட்டிய விளிம்பில் நுண்ணோக்கிக்குத் தென்படவில்லை என்றே பொருள். எஞ்சிய மார்பகத் திசுவில், எந்த ஸ்கேனுக்கும் அகப்படாத சில அணுக்கள் தங்கியிருக்கக்கூடும். கதிர்வீச்சு அவற்றுக்காகத்தான்.

17 ஆய்வுகளில் பங்கேற்ற 10,801 பெண்களின் விவரங்களை ஒன்றுசேர்த்த பகுப்பாய்வு 2011இல் வெளியானது. அதில் நெறிக்கட்டியில் நோய் பரவாதவர்களை மட்டும் பார்த்தால், பத்து ஆண்டுகளுக்குள் அதே மார்பிலோ வேறிடத்திலோ நோய் திரும்பியது கதிர்வீச்சு பெறாதவர்களில் 31 சதவீதம், பெற்றவர்களில் 15.6 சதவீதம். பதினைந்து ஆண்டுகளுக்குள் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் முறையே 20.5, 17.2 சதவீதம். உயிர்காக்கும் பலன் முதல் பலனைவிடச் சிறியது என்றாலும் மெய்யானது. இவற்றில் பல பழைய ஆய்வுகள். இன்றைய மருந்துகளோடு பார்த்தால் நோய் திரும்பும் வாய்ப்பு இரு தரப்பிலும் இதைவிடக் குறைவு.

பெரியம்மாவுக்குச் சொன்னதும் சரியே. 70 வயதைக் கடந்து, சிறிய கட்டியும் ஹார்மோன் ஏற்பியும் உள்ள பெண்கள், ஈஸ்ட்ரோஜனின் தூண்டலைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை உட்கொண்ட அமெரிக்க ஆய்வில், பத்து ஆண்டுகளில் மார்பிலும் அக்குளிலும் நோய் திரும்பாதவர்கள் கதிர்வீச்சுடன் 98 சதவீதம், அது இல்லாமல் 90 சதவீதம். ஆயுளில் வேறுபாடு இல்லை. 58 வயதில் முன்னே இருக்கும் ஆண்டுகள் அதிகம் என்பதால், அந்த முடிவை அம்மாவுக்குப் பொருத்துவது என் பார்வையில் சரியாகாது.

மறுமொழி 2:
சகோதரி, எனக்கும் இடது மார்புதான். பதினைந்து சிட்டிங் முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மூச்சை ஆழமாக இழுத்து இருபது வினாடி போல நிறுத்தச் சொல்வார்கள். நுரையீரல் விரியும்போது இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகிக்கொள்ள, அந்த நேரத்தில் மட்டும் கதிர் பாயும். முதல் நாளுக்கு முன்பே அம்மாவை வீட்டில் பழகச் சொல்லுங்கள். எனக்குக் கடைசி வாரத்தில் மார்பின் கீழ்மடிப்பில் தோல் சிவந்து, சிகிச்சை முடிந்த மறுவாரம் சற்று உரிந்து, பிறகு ஆறிவிட்டது. சோர்வுதான் இரண்டு மாதம் விடவில்லை. அந்த மார்பு இன்றும் மற்றதைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது.

மறுமொழி 1:
மூச்சடக்கும் முறையைச் சகோதரி சரியாகச் சொன்னார். இதயம் சராசரியாகப் பெறும் ஒவ்வொரு கிரே (உடல் உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்கும் மாரடைப்பு போன்ற நோய்களின் வாய்ப்பு, ஏற்கெனவே ஒருவருக்கு உள்ள வாய்ப்பில் 7.4 சதவீதம் கூடுவதாக 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே, அம்மாவின் திட்டத்தில் இதயத்துக்குச் செல்லும் சராசரி அளவு எத்தனை கிரே என்று தயங்காமல் கேளுங்கள். ஐந்தே சிட்டிங்கில் ஒரு வாரத்தில் முடிக்கும் முறை அம்மாவுக்குப் பொருந்துமா என்றும் கேட்கலாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு கேள்விகளையும் குறித்துக்கொண்டேன். படித்துக் காட்டியதும் அம்மா மூச்சை அடக்கிப் பார்த்தார். பதினான்கு வினாடி தாக்குப்பிடித்தார்.