மறுமொழி: வில்லுயர்த்தம், கூண்டுயர்த்தம் (1985 பிக்கப்புக்கு ஒரு கலைச்சொல்)

அன்புள்ள நண்பர்களே,

"சஸ்பென்ஷன் லிஃப்ட்", அதாவது சக்கர அச்சுக்கும் வண்டிக்கும் நடுவே குலுக்கலை வாங்கிக்கொள்ளும் அமைப்பை (சஸ்பென்ஷன்) மாற்றி வண்டியை உயர்த்துவது, இதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதினொரு மடல்கள் வந்திருக்கின்றன. தனித்தனியே பதில் எழுதினால் பாதிதான் எழுதி முடிப்பேன் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> இடைநீக்க உயர்த்தி எனலாமே. மொழிபெயர்ப்பு மென்பொருளும் அப்படித்தான் தருகிறது.

வேண்டாம் தம்பி. இடைநீக்கம் அரசு ஊழியருக்கு வருவது. என் டொயோட்டா பிக்கப் (பின்னால் திறந்த சரக்குத் தொட்டி உள்ள வண்டி) 1985இல் பிறந்தது. இன்றுவரை ஒழுங்காக வேலைக்கு வருகிறது, அதன் மேல் விசாரணை எதுவும் நிலுவையில் இல்லை. உயர்த்தி என்றாலும் ஏதோ தனிக் கருவி மாதிரி ஆகிவிடும். நான் கேட்பது ஒரு செயலுக்கும் அதன் அளவுக்கும் பெயர்.

> தொங்கல் ஏற்றம். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துகிறது ஐயா, ஆனால் ஆங்கிலச் சொல்லுக்குத்தான் பொருந்துகிறது. வண்டிக்குப் பொருந்தவில்லை. பழைய ஐரோப்பியக் கோச்சு வண்டிகளில் ஆள் உட்காரும் பெட்டியைத் தோல்வார்களில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தத் தொங்கல் அவர்கள் மொழியில் அப்படியே தங்கிவிட்டது. என் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தால் எதுவும் தொங்கவில்லை. அச்சின் மேல் வளைந்த எஃகுப் பட்டைகள், பட்டைகளின் மேல் அடிச்சட்டம், அதன் மேல் ரப்பர் திண்டுகள், அவற்றின் மேல் கூண்டு (வண்டியின் உடல்) என்று ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. தொங்கல் என்று பெயர் வைத்துவிட்டுப் பிறகு எதில் தொங்குகிறது என்று தேடவேண்டியிருக்கும்.

இந்த அடுக்கைத்தான் இன்று பேச விரும்புகிறேன். இது தெரியாமல் நான் ஏமாந்த கதை ஒன்று இருக்கிறது.

வண்டியை வாங்கியபோது விளம்பரத்தில் "3 அங்குலம் உயர்த்தியது" என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தேன், நெடுநெடுவென்று நின்றது. பேரம் பேசி வாங்கினேன். முதல் முறை காட்டுவழியில் இறக்கியபோது, முழங்கால் அளவுகூட இல்லாத ஒரு பாறை பின் டிஃபரன்ஷியலில் (அச்சின் நடுவே சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கர உருண்டையில்) மோதி வண்டி நின்றுவிட்டது. அடியில் நுழைந்து பார்த்தால், சட்டத்துக்கும் கூண்டுக்கும் நடுவே 3 அங்குல நைலான் கட்டைகள்! கூண்டை மட்டும் தூக்கி வைத்திருக்கிறார்கள். சட்டம், அச்சு, டிஃபரன்ஷியல் எல்லாம் கம்பெனியில் விட்ட இடத்திலேயே இருந்தன. பம்பர் சட்டத்தோடு சேர்ந்தது என்பதால் அது கீழேயே நின்று, மேலே ஒரு சந்து வாய் பிளந்திருந்தது. ரேடியேட்டர் கூண்டோடு மேலே போயிருக்க, விசிறி எஞ்சினோடு கீழே இருந்தது. இதெல்லாம் வாங்கும்போதே என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். "உயர்த்தியது" என்ற ஒரு சொல்லை நம்பிக் கவனிக்காமல் விட்டேன். விற்றவரையும் குறை சொல்ல முடியாது, அவர் சொன்னதில் பொய் இல்லை.

ஆக வண்டியை உயர்த்த மூன்று இடங்கள் உண்டு. தரைக்கும் அச்சுக்கும் நடுவே உயர்த்துவது டயர் மட்டும்தான். அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே பட்டையோ சுருள்வில்லோ உயர்த்தும். சட்டத்துக்கும் கூண்டுக்கும் நடுவே கட்டை. எந்த இடைவெளி கூடியது என்பதைப் பெயரே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. அது சொல்லாத பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு உதவாது.

அந்த நடு இடைவெளிக்குப் பெயர் தேடி வெளியே போகவேண்டியதில்லை, நம் ஊரில் வில்வண்டி ஓடியிருக்கிறது. பாரவண்டிக்கு வில் கிடையாது, பாரம் நேராக அச்சின் மேல் இறங்கும். வசதியான வீட்டார் போக வைத்திருந்த வண்டிக்கு அச்சின் மேல் எஃகுப் பட்டைகளை வளைத்து அடுக்கியிருப்பார்கள். அதனால்தான் அது வில்வண்டி. 1893இல் திருவிதாங்கூரில், ஒடுக்கப்பட்டோருக்குத் தடுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் அய்யன்காளி ஏறிச் சென்றதும் வில்லுவண்டிதான். ஒரு காலத்தில் யார் ஏறலாம் என்று சண்டை நடக்கும் அளவுக்கு எல்லோர் வாயிலும் புழங்கிய சொல் அது. என் பிக்கப்பின் அடியில் இருப்பதும் அதே பட்டை அடுக்குதான், கொஞ்சம் தடிமன் கூட. ஆகவே சஸ்பென்ஷன் என்பதை வில்லமைப்பு எனலாம்.

> எல்லா வண்டியிலும் பட்டை இல்லையே. முறுக்குத்தண்டு (முறுகித் திரும்பும் இரும்புத் தண்டு) உள்ளதை வில் என்பீர்களா?

நல்ல கேள்வி. 1986இலேயே அமெரிக்காவில் விற்ற இதே பிக்கப்பின் நான்கு சக்கர ஓட்ட வகையில் முன்பக்கத்து முழு அச்சும் பட்டையும் போய், தனித்தனி சக்கரமும் முறுக்குத்தண்டும் வந்துவிட்டன. ஆனால் நம் பள்ளிப் பாடநூல்களில் சுருள்வில் என்று படித்தோமே, அதுவும் வில் வடிவத்தில் இல்லை. வளைந்தோ முறுகியோ அமுங்கியோ திரும்பத் தன் நிலைக்கு வருவதெல்லாம் வில் என்று தமிழ் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. காற்றடைத்த பையைக்கூடக் காற்றுவில் எனலாம்.

> அப்படியானால் வில்லேற்றம் போதுமே? சுருக்கமாகவும் இருக்கிறது.

முதலில் எனக்கும் இதுதான் பிடித்திருந்தது. வீட்டில் சொன்னேன். "மிதிலையில் ராமன் செய்தானே, அதுவா?" என்று கேட்டார்கள். வில்லை ஏற்றுவது என்றால் நாண் பூட்டுவது என்ற பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதோடு வண்டி என்றாலே ஏற்றம் சரக்கைத்தான் நினைவூட்டும். "வில்லேற்றம் 3 அங்குலம்" என்பதைப் பார்சல் அலுவலகத்தில் படித்தால் வேறு மாதிரிப் புரிந்துகொள்வார்கள். தூக்கு என்று முடியும் சொற்களையும் தள்ளிவிட்டேன், காரணம் சொல்லத் தேவையில்லை.

என் பரிந்துரை வில்லுயர்த்தம். "உயர்த்தம் என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறதா?" என்று இலக்கண ஆசிரியர் ஐயா கேட்பார் என்று தெரியும். அழுத்து, அழுத்தம். திருத்து, திருத்தம். நிறுத்து, நிறுத்தம். பொருத்து, பொருத்தம். அதே வரிசையில் உயர்த்து, உயர்த்தம். உயர்வு என்றால் தானாக நடந்தது போல இருக்கும், விலை உயர்வைப் போல. உயர்த்தம் என்றால் யாரோ ஸ்பேனர் பிடித்துச் செய்தது என்று தெரிகிறது.

இதோடு கூண்டுயர்த்தம் என்பதும் தானாகக் கிடைக்கிறது. கூண்டு வண்டியின் கூண்டுதான். எனக்கு விற்றவர் "கூண்டுயர்த்தம் 3 அங்குலம்" என்று போட்டிருந்தால் நான் வீட்டிலேயே இருந்திருப்பேன். டயரால் வருவதற்குத் தனிப் பெயர் தேவையில்லை, டயரின் அளவைச் சொன்னாலே போதும்.

இப்படிப் பெயர்களைப் பிரித்த பிறகு என் திட்டமே மாறிவிட்டது என்பதுதான் வேடிக்கை. முதலில் வண்டியை 5 அங்குலம் உயர்த்தும் பட்டைகளுக்கு ஆர்டர் கொடுக்க இருந்தேன். பாறையில் மோதியது டிஃபரன்ஷியல். அமெரிக்க மெக்கானிக்குகள் அந்த உருண்டையைப் பூசணிக்காய் என்கிறார்கள், எனக்கும் அதுவே வாயில் வருகிறது. 5 அங்குல வில்லுயர்த்தம் செய்தாலும் பூசணி ஒரு நூல்கூட மேலே வராது, அது அச்சோடு கிடக்கிறது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே. இப்போதைய டயரின் விட்டம் 28 அங்குலத்துக்குச் சற்று மேல். 33 போட்டால் கூடும் விட்டத்தில் பாதி, அதாவது 2¼ அங்குலத்துக்கு மேல் கிடைக்கும். வில்லுயர்த்தத்தின் வேலை அந்தப் பெரிய டயர் சுழலவும் மேலே எகிறவும் இடம் விடுவது, வண்டியின் வயிறு தட்டாமல் காப்பது. அதற்கு 3 அங்குலம் போதும், சக்கர வளைவில் கொஞ்சம் வெட்டவேண்டி வரும். நான் போக நினைப்பது யூட்டாவின் கேன்யன்லாண்ட்ஸ் பூங்காவில் உள்ள ஒயிட் ரிம் பாதை. ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தூரம் என்றாலும் பெரும்பாலும் மண்ணும் கற்பாளமும்தான். அதற்கு 5 அங்குலம் வெறும் வீம்பு. நைலான் கட்டைகளைக் கழற்றி எறியப்போகிறேன்.

டயர் பெரிதானால் பல்விகிதமும் (சக்கரம் ஒருமுறை சுற்ற, டிஃபரன்ஷியலுக்கு வரும் தண்டு எத்தனை முறை சுற்றவேண்டும் என்ற கணக்கு) மாறவேண்டும். இப்போது 4.10. 33 டயரோடு பழைய இழுவை வேண்டுமென்றால் கணக்கு 4.78 காட்டுகிறது. கடையில் கிடைப்பது 4.88. இதை மாற்றாமல் ஓட்டினால் மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 70இல் போய்க்கொண்டிருப்பேன். பாவம் அந்த 2.4 லிட்டர் எஞ்சினும் மேட்டில் மூச்சு வாங்கும். பிரேக் குழாய்கள் நீளமாக வேண்டும். பின் அச்சில் பாரத்தைப் பார்த்து பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு உண்டு. பட்டை உயர்ந்ததும் வண்டி காலி என்று அது ஏமாந்து பின் பிரேக்கைக் குறைத்துவிடும், அதன் பிடியையும் உயர்த்தவேண்டும். இதை யாரும் முதலில் சொல்வதில்லை.

> பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே வைக்கும் கட்டைக்கு என்ன சொல்?

முட்டுக்கட்டை. சிரிக்காதீர்கள், அதுதான் சரியான சொல். பின் அச்சில் வைத்தால் பட்டை S எழுத்துப் போல முறுக்கிக்கொள்ளும், முறுக்கு விடும்போது வண்டி துள்ளும். முன் அச்சில் வைக்கவே கூடாது, பிரேக் பிடிக்கையில் பிடுங்கிக்கொண்டு போகலாம். காசு குறைவு என்று பலர் பின்னால் வைக்கிறார்கள். நான் வைக்கவில்லை.

வில்லோடு சேர்த்துப் பூட்டும் ஷாக் அப்சார்பருக்கு அதிர்வுதாங்கி என்று இருவர் எழுதியிருந்தீர்கள். அதிர்வைத் தாங்குவது வில். வில் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் இதன் வேலை. ஆகவே தணிப்பான் என்பேன். வேண்டுமானால் பேச்சில் ஷாக் என்றே சொல்லிக்கொள்வோம்.

இன்னும் ஒன்று பாக்கி. பட்டையின் ஒரு முனை சட்டத்தில் நிலையாகப் பூட்டியிருக்கும். மறுமுனை சாக்கிள் என்ற சிறு இரும்புத் துண்டில் மாட்டி முன்னும் பின்னும் ஆடும், ஏனென்றால் பட்டை அமுங்கும்போது அதன் நீளம் கூடுகிறது. 2 அங்குலம் நீண்ட சாக்கிள் போட்டால் வண்டி 1 அங்குலம் உயரும். ஊஞ்சல் போல ஆடுவதால் ஊசற்பிடி என்று நினைத்தேன். பிடி என்றால் கைப்பிடி என்று நினைத்துவிடுவார்களோ என்று தயக்கம். வில்வண்டி செய்த தச்சர், கொல்லர் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது தெரிந்தவர்கள் இங்கே இருந்தால், அந்த ஆடும் துண்டை அவர்கள் என்ன சொல்லி அழைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பட்டைகள் அடுத்த வெள்ளிக்கிழமை வருகின்றன.

அன்புடன்,
பழைய பிக்கப்காரன்