யூகேல பழைய கார் வாங்கியாச்சு, கீழ ஆயில் சொட்டுதா? கராஜுக்கு போறதுக்கு முன்னாடி இதை பாருங்க

புதுசா இங்க வந்து செகண்ட் ஹேண்ட்ல ஒரு யாரிஸோ ஜாஸோ கோர்சாவோ வாங்கின நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்குற விஷயம் இது. காலைல வண்டிய எடுத்தா நின்ன இடத்துல கருப்பா ஒரு திட்டு, அதை பாத்ததும் எஞ்சினே போச்சுன்னு பயந்துடுறாங்க. ஊர்ல மாதிரி தெருமுனைல ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டி சல்லிசா முடிக்க இங்க வழி இல்ல, பார்ட்ஸ் காசு கம்மி தான், கூலி தான் ஆளை சாய்க்கும். ஆனா நிறைய லீக் வீட்லயே சரி பண்ற அளவு சின்னது தாங்க, எங்கேர்ந்து வருதுன்னு சரியா கண்டுபிடிச்சா போதும். அதை கண்டுபிடிக்காம எதையும் வாங்காதீங்க, எதையும் கழட்டாதீங்க.

ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு பெரிய அட்டைய விரிச்சு வைங்க. காலைல தேன் கலர்லயோ கருப்பாவோ பிசுபிசுன்னு இருந்தா எஞ்சின் ஆயில். வெறும் தண்ணின்னா ஏசி, கவலை வேணாம். பிங்க், பச்சை, நீலம்னு கலரா இருந்து லேசா இனிப்பு வாசனை அடிச்சா கூலன்ட் (எஞ்சினை சூடாகாம பாத்துக்கிற திரவம்). வீல் பக்கத்துல வழவழன்னு மெல்லிசா ஏதாவது இருந்தா பிரேக் ஆயிலா இருக்கலாம், அப்படின்னா வண்டிய எடுக்கவே கூடாது, ஆளை வீட்டுக்கு வரவழைச்சு பாருங்க.

அடுத்தது தான் முக்கியம். சொட்டுற இடமும் லீக் ஆகுற இடமும் ஒண்ணா இருக்காது, ஏன்னா ஆயில் மேலேர்ந்து வழிஞ்சு வரும், ஓடும்போது காத்து அதை பின்னாடி தள்ளிடும். அதனால எஞ்சின் நல்லா ஆறினதும் பிரேக் கிளீனர் ஸ்ப்ரேவும் பழைய துணியும் வச்சு சுத்தமா துடைச்சுட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சு பாருங்க. ஈரமா இருக்கிறதுல எது ரொம்ப மேல, ரொம்ப முன்னாடி இருக்கோ அது தான் உங்க இடம்.

சமீபத்துல ஆயில் மாத்தின வண்டின்னா முதல்ல ஆயில் ஃபில்டரையும் டிரெயின் போல்ட்டையும் (பழைய ஆயிலை வடிக்க அடியில கழட்டுற போல்ட்) சந்தேகப்படுங்க. பழைய ஃபில்டரோட ரப்பர் ரிங் எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு, அது மேல புது ஃபில்டரை போட்டுட்டா ஆயில் கொட்டும். புது ஃபில்டர் ரிங்ல கொஞ்சம் ஆயில் தடவி, ரிங் உக்காந்த பிறகு கையாலயே முக்கால் சுத்து இறுக்கினா போதும், திருகி மாட்ற மாடலுக்கு பொதுவா இது தான் கணக்கு. டிரெயின் போல்ட்டுக்கு ஒவ்வொரு தடவையும் புது வாஷர் போடுங்க, அது நசுங்கித்தான் சீல் ஆகும், பழசை திரும்ப போட்டா ஒழுகும். லீக் நிக்கணும்னு போல்ட்டை பலம் கொண்ட மட்டும் இறுக்காதீங்க, நிறைய வண்டில ஆயில் சம்ப் (எஞ்சினுக்கு அடியில ஆயில் நிக்கிற தொட்டி) அலுமினியம், மரை போச்சுன்னா செலவு எங்கயோ போயிடும்.

இதுல வண்டிக்கு அடியில போற வேலை வரும். வண்டியோட குடுத்த ஜாக்கி டயர் மாத்த மட்டும் தான், அதை மட்டும் நம்பி அடியில தலைய விடாதீங்க ப்ளீஸ். சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, வீலுக்கு கட்டை வச்சு, ஆக்ஸில் ஸ்டாண்ட் (தூக்கின வண்டிய தாங்குற இரும்பு முட்டு) ரெண்டு போட்டு ஆட்டி பாத்துட்டு தான் உள்ள போகணும்.

பத்து வருஷம் தாண்டின வண்டில அதிகமா பாக்குறது ராக்கர் கவர் கேஸ்கெட் (எஞ்சின் மூடிக்கு அடியில இருக்கிற ரப்பர் சீல்) லீக். எஞ்சின் மேல இருக்கிற மூடியோட ஓரத்துல ஈரம், சூடான எக்ஸாஸ்ட் மேல சொட்டி கருகின வாசனை, சில சமயம் ஸ்பார்க் பிளக் குழிக்குள்ளயும் ஆயில் இறங்கி எஞ்சின் திக்கும். எக்ஸாஸ்ட் மேல விழுற லீக்கை தள்ளிப் போடாதீங்க, தீப்பிடிக்க வாய்ப்பு இருக்கு. சாதாரண நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்ல இந்த வேலை முழுக்க மேலயே தான், படுக்க வேண்டாம். பிளக் மேல இருக்கிற இக்னிஷன் காயில் எல்லாத்தையும் கழட்டி, மூடியோட போல்ட்டை (பெரும்பாலும் 10 மி.மீ தான் இருக்கும்) ஓரத்துலேர்ந்து நடுவுக்கு கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தி மூடிய எடுங்க. பழைய கேஸ்கெட்டை வளைச்சா அப்பளம் மாதிரி ஒடியும், அதுலயே தெரிஞ்சுடும் ஏன் ஒழுகுச்சுன்னு. ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால சுரண்டுங்க, ஸ்க்ரூ டிரைவர் வேணாம், ஒரு கீறல் விழுந்தாலும் அது வழியா ஆயில் வரும். சீலன்ட்டை சுத்தி பூசாதீங்க, டைமிங் கவரும் (எஞ்சினோட பக்கவாட்டு மூடி) ஹெட்டும் (எஞ்சினோட மேல் பகுதி) சேர்ற மூலைல மட்டும் ஒரு பொட்டு, அதுவும் மேனுவல்ல சொல்லியிருந்தா தான். திரும்ப மாட்டும்போது நடுவுலேர்ந்து ஓரத்துக்கு, டார்க் ரென்ச்ல (சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவுற ஸ்பேனர்). நிறைய வண்டிக்கு 10 நியூட்டன் மீட்டர் சுத்தி தான் வரும், உங்க மாடலுக்கு எவ்ளோன்னு பாத்துட்டே இறுக்குங்க. அப்படியே பிசிவி வால்வையும் (எஞ்சினுக்குள்ள சேர்ற வாயுவை வெளியேத்துற வால்வு) ஒரு பார்வை பாருங்க, அது அடைச்சிருந்தா உள்ள பிரஷர் ஏறி புது கேஸ்கெட்டையும் தாண்டி ஆயில் தள்ளும்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துலேர்ந்து சொட்டுதுன்னா விட்டுடுங்க. அது கிராங்க் ஷாஃப்ட்டோட பின்பக்க சீலா இருக்கலாம், மாத்தணும்னா கியர்பாக்ஸை இறக்கணும், வீட்ல வேணாம். கிளட்சும் தேஞ்சிருந்தா ரெண்டையும் ஒண்ணா பண்ண சொல்லுங்க, கூலி ஒரு தடவையோட போகும். லீக்கை நிறுத்தும்னு விக்கிற பாட்டில் மருந்தை நான் சிபாரிசு பண்ண மாட்டேன், ரப்பரை கொஞ்ச நாள் ஊத வைக்கும், பிரச்சனை அங்கேயே தான் இருக்கும்.

எம்ஓடி (வண்டி ஓட தகுதியா இருக்கான்னு வருஷா வருஷம் பண்ற சோதனை) பத்தியும் பயப்படுறாங்க. சும்மா ஈரமா இருக்கிறதுக்கு ஃபெயில் பண்ண மாட்டாங்க, சுற்றுச்சூழலையோ மத்த வண்டிகளையோ பாதிக்கிற அளவு அதிகமா ஒழுகினா தான் மேஜர், அதாவது ஃபெயில், 2018 மே மாசத்துலேர்ந்து இப்படித்தான். இன்னும் வண்டி வாங்காதவங்க, நம்பர் பிளேட் நம்பரை போட்டு அரசு சைட்ல எம்ஓடி ஹிஸ்டரிய இலவசமா பாருங்க. வருஷா வருஷம் ஆயில் லீக்னு அட்வைசரி (ஃபெயில் பண்ணாம குடுக்குற எச்சரிக்கை குறிப்பு) வந்துட்டே இருந்தா, விலை பேசும்போது அதை சொல்லி குறைக்கலாம்.

வாடகை வீட்டு டிரைவ்வேல கறை ஆயிடுச்சுன்னா டெபாசிட்ல கை வைக்க வாய்ப்பு இருக்கு, உடனே சூப்பர்மார்க்கெட்ல கிடைக்கிற பூனை மண்ணை (கேட் லிட்டர்) கொட்டி மிதிச்சு விட்டு மறுநாள் கூட்டுங்க. வடிச்ச ஆயிலை சிங்க்லயோ ரோட்டு டிரெயின்லயோ ஊத்துறது சட்டப்படி குத்தம், புது ஆயில் வந்த கேன்லயே ஊத்தி கவுன்சில் டிப்புக்கு (கவுன்சிலோட குப்பை, மறுசுழற்சி மையம்) கொண்டு போங்க, கூலன்ட் மாதிரி வேற எதையும் அதுல கலக்காதீங்க. சில கவுன்சில்ல முன்கூட்டியே புக் பண்ணணும், அட்ரஸ் ப்ரூஃபும் கேப்பாங்க, பாத்துட்டு போங்க.

வேலை முடிஞ்சதும் மறுபடி அட்டைய விரிங்க. ரெண்டு மூணு வாரத்துக்கு எஞ்சின் ஆறினதும் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பாக்குற குச்சி) பாருங்க, ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருந்தா சரி. ஓடும்போது ஆயில் பிரஷரோட சிவப்பு லைட் எரிஞ்சா மட்டும் வீடு வரைக்கும் போயிடலாம்னு நினைக்காதீங்க, பாதுகாப்பா ஒதுக்கி நிறுத்தி எஞ்சினை ஆஃப் பண்ணிடுங்க. வண்டி மாடல், வருஷம், ஈரம் எந்த இடத்துலன்னு எழுதுங்க, தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.